ஓடுகிற வண்டியைக் கழற்றுபவர்

கார்புரேட்டர் கழற்றுபவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. இவரை மெக்கானிக்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நின்றுபோன வண்டியைக் கழற்றுபவர் மெக்கானிக். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கழற்றுபவர்தான் நம்மவர். நின்ற வண்டியில் அவருக்கு ஆர்வம் கிடையாது. அதில் கோளாறு இருக்கிறது என்று எவனும் சொல்லிவிடுவான். எந்தக் கோளாறும் இல்லாத வண்டியில் ஒரு கோளாறைக் கண்டுபிடிப்பதற்குத்தான் நுட்பம் வேண்டும்.

இந்த இனம் எல்லா ஊரிலும் இருக்கிறது என்றாலும் மைசூரில் கொஞ்சம் செழிப்பாகவே வளர்கிறது. ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் பிறந்த ஊர். பிறந்த வீட்டைவிட்டுப் போக மனமில்லாத பெண்களைப் போல அந்தப் பழைய வண்டிகள் இன்னும் அங்கேயே தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சுற்றுகிற ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால், அதை எப்படியாவது ஒரு நாள் நிறுத்திவிடவேண்டும் என்று ஒருவர் திருப்புளியோடு காத்திருக்கிறார்.

சரஸ்வதிபுரம் ஷடாக்ஷரியை எடுத்துக்கொள்வோம். மின்வாரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஐம்பதை நெருங்கும் வயது. வாழ்க்கையில் தன் கையால் எதையும் செய்ததில்லையே என்று ஒரு குறை அவருக்கு அண்மையில் வந்திருந்தது. குறை அவருக்குத்தான். கைகள் நிம்மதியாகத்தான் இருந்தன.

வண்டி அவருடையதுகூட அல்ல. மனைவி சர்வமங்களாவுடையது. அவள் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பத்து வருஷமாக அந்த யெஸ்டியில்தான் பள்ளிக்குப் போகிறாள், சந்தைக்குப் போகிறாள், கல்யாணங்களுக்குப் பட்டுப்புடவையோடு போகிறாள். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. உதைத்தால் கிளம்புகிறது, பிரேக் போட்டால் நிற்கிறது. ஒரு வண்டியிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்ப்பது வண்டியைச் சங்கடப்படுத்துவது என்பது அவள் எண்ணம்.

ஆண்டுதோறும் விஜயதசமிக்கு மறுநாள் காலையில், ஊரில் பழைய வண்டி ஓட்டுகிற பெண்கள் எல்லோரும் சேர்ந்து வரிசையாகச் சாமுண்டி மலைக்கு ஏறுவார்கள். போன வருஷம் சர்வமங்களா வரிசையின் கடைசியில், எல்லோருடைய புகையையும் குடித்துக்கொண்டு போனாள். இந்த வருஷம் முதல் வண்டி அவளுடையது என்று தீர்மானமாகியிருந்தது. அவளுடைய பள்ளிப் பெண்கள் மலையடிவாரத்தில் நின்று பார்க்கப் போகிறார்கள். வண்டி கிளம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருந்தது: கணக்கு டீச்சர் பார்கவியின் ஸ்கூட்டரில், பின்னால், ஒருபக்கமாக உட்கார்ந்து போகவேண்டும். பார்கவி தாராள மனதோடு அதை ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

இப்படிப்பட்ட நேரத்தில் நம் இனத்தைச் சேர்ந்த ஒருவர் என்ன செய்வார்? உதவி செய்வார்.

எப்போதும் ஒரு சத்தத்தில்தான் ஆரம்பம். வேறு யார் காதிலும் விழாத சத்தம்.

"மங்களா, கொஞ்சம் நில்லு. கேட்டியா?"

"என்னத்த?"

"டுக்கு டுக்குனு வருதுல்ல, நடுவுல ஒரு டுக்கு வரல."

"வண்டி ஓடுதா இல்லையா?"

"ஓடுது. அதான் சந்தேகமா இருக்கு."

சர்வமங்களா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். "சந்தேகம்னா சையத் கடையில காட்டிட்டு வரேன்."

"தசரா கூட்டத்துல அவன் எங்க பாக்கப் போறான்? மலை ஏறணும், ஏத்தத்துல மக்கர் பண்ணா என்ன பண்ணுவே? கார்புரேட்டர்ல தூசி இருக்கும். சும்மா ஒரு க்ளீனிங்தான். பத்து நிமிஷ வேலை."

'சும்மா ஒரு க்ளீனிங்தான்', 'பத்து நிமிஷ வேலை' என்னும் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒருவர் ஒரே மூச்சில் சொல்லக் கேட்டால், வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய்விடவேண்டும். சர்வமங்களா ஏன் சாவியைக் கொடுத்தாள்? அணிவகுப்புப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது, வாதாட முடியவில்லை, பஸ் ஏறிப் போய்விட்டாள். உலகத்தின் பெரிய அழிவுகள் பலவற்றுக்கும் காரணம் ஏறக்குறைய இந்த அளவுதான் இருக்கும்.

நம்மவர் உடனே கழற்றிவிடுவார் என்று நினைக்காதீர்கள். முதலில் கல்வி. மடிக்கணினியைத் திறந்து படம் பார்ப்பார். அதில் ஏதோ குளிர்நாட்டுக் கொட்டகையில், நகத்தில் அழுக்கில்லாத ஒரு மனிதர், தொட்டவுடன் கழன்று வருகிற திருகுகளைக் கழற்றிக்கொண்டிருப்பார். நம் வீட்டுத் திருகுகள் அப்படியல்ல. அவை ஓரிடத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகிவிட்டன. வெளியே வரும் ஆர்வம் போய்விட்டது. ஷடாக்ஷரி முதல் திருகைத் தலை மழுங்கும் வரை திருகிவிட்டு, எழுந்து நின்று, இந்த இனத்தார் எல்லோரும் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "இதுக்கு முன்னாடி கழட்டினவன் எவனோ, கை தெரியாதவன்."

எவரையும் பெயர் சொல்லாமல் குற்றம் சாட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது. அவர் வந்து மறுக்கமாட்டார்.

பிறகு கூடத்தில் செய்தித்தாளை விரித்தார். விரித்த செய்தித்தாளில் பாதியைப் படித்தார். கழற்றிய உறுப்புகளை எதில் வைப்பது என்று யோசித்து, சமையலறையிலிருந்து இட்லித் தட்டைக் கொண்டுவந்தார். இதைக் கண்டுபிடிப்பு என்றே சொல்லவேண்டும். ஒரு குழியில் ஊசி, ஒரு குழியில் சுருள்வில், ஒரு குழியில் மிதவை, அடுத்தடுத்த குழிகளில் கடுகைவிடச் சிறிய துளைகள் உள்ள சிறு பித்தளை ஜெட்டுகள். கழற்றிய வரிசையிலேயே வைத்தால் திரும்ப அதே வரிசையில் மாட்டிவிடலாம். அறிவுள்ள ஏற்பாடுதான். போதாக்குறைக்கு ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

வெளிச்சம் போதவில்லை என்று தட்டைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமாகத் திருப்பினார். அங்கேதான் வந்தது வினை. இட்லித் தட்டு வட்டமானது. வட்டத்தில் முதல் எது, கடைசி எது? பெரிய மனங்களையெல்லாம் மடக்கிப் போட்ட கேள்வி இது; மின்வாரியக் கண்காணிப்பாளரை ஒரு பிற்பகல் முழுக்கத் தரையில் உட்காரவைத்தது. எடுத்த படங்களைப் பார்த்தார். எல்லாப் படத்திலும் அவருடைய கட்டைவிரல் தெளிவாக விழுந்திருந்தது.

மாலையில் சர்வமங்களா வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன வாசனை?"

"எலுமிச்சம்பழம்."

"சாரு வச்சீங்களா?"

"கார்புரேட்டர்."

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். வழக்கமாக ரசம் கொதிக்கும் பாத்திரத்தில், எலுமிச்சைத் தண்ணீரில், அவளுடைய வண்டியின் இதயம் மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. பித்தளை பளபளப்பாக ஆகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம். ஆகியுமிருந்தது. அவள் மூடியைத் திரும்பப் போட்டாள்.

"இந்தப் பாத்திரத்துல இனிமே நான் சாரு வைக்கமாட்டேன்."

"ஏன்? முன்னைக்கு இப்ப சுத்தமாத்தானே இருக்கு."

"வண்டி எப்பங்க ஓடும்?"

"நாளைக்கு."

கழற்றுபவர்களின் அகராதியில் நாளை என்பதற்கு ஒரு குறிப்பிட்ட தேதி கிடையாது என்பதை அவள் இன்னும் அறியவில்லை.

ஒரு பொருளை அறியவேண்டுமானால் அதைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று நம்பியவர்கள் பழங்காலத்திலிருந்தே உண்டு. அவர்களுக்கு வெங்காயத்தைக் காட்டிப் பதில் சொன்னவர்களும் அதே காலத்திலிருந்து உண்டு. ஷடாக்ஷரி முதல் கட்சி. கொதிக்க வைத்ததோடு அறிவு முழுமையாகவில்லை என்று அவருக்குப் பட்டது. கடையிலிருந்து வாங்கிவந்த ஒரு திரவத்தையும் பெட்ரோலையும் கலந்து, அதில் எல்லாவற்றையும் போட்டு ஊறவிட்டார். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான். மேல் உடலுக்கும் அடிக்கிண்ணத்துக்கும் இடையே, பெட்ரோல் வெளியே கசியாமல் உட்கார்ந்திருக்குமே ஒரு ரப்பர் வளையம், அதையும்.

மறுநாள் எடுத்துப் பார்த்தபோது பித்தளை பித்தளையாகவே இருந்தது. ரப்பர் மட்டும் வளர்ந்திருந்தது. ஒரு பக்கம் பள்ளத்தில் அழுத்தினால் மறுபக்கம் பொரித்த அப்பளம் மாதிரி எழுந்து நின்றது.

"நேத்து இது சின்னதாத்தானே இருந்துது?" என்றார் ஷடாக்ஷரி, வளையத்தைப் பார்த்து.

"யாரைக் கேக்கறீங்க? நீங்கதான ஊறப் போட்டீங்க."

"வயசான ரப்பர். பெருத்துடுச்சு. ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டு ஒட்டினா சரியாயிடும்."

"நீங்களும்தான் பெருத்துட்டீங்க. உங்கள வெட்டினேனா நான்?"

விஷயம் விளையாட்டல்ல. வெட்டி ஒட்டிய வளையம் பெட்ரோலைத் தாங்காது. ஒட்டிய இடத்தில் கசியும். சூடான என்ஜின்மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டு மலை ஏறமுடியாது. புது வளையம் வாங்கலாம் என்றால், உதிரிப்பாகக் கடைக்காரர் கைபேசியில் சாவகாசமாகச் சொன்னார்: "தசரா முடியட்டும் சாமி, பெங்களூர்லேருந்து சரக்கு வரணும்." சையத் கடையில் பூட்டு தொங்கியது. மச்சினி கல்யாணம் என்று சிக்கமகளூர் போயிருந்தான். மலையேற்றத்துக்கு முன்னால் இருப்பது ஆயுத பூஜையும் விஜயதசமியும் மட்டும்.

அன்று மாலை பார்கவியிடமிருந்து செய்தி வந்தது. பின் இருக்கைக்குப் புது உறை போட்டிருக்கிறாளாம். சர்வமங்களா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. விளையாட்டு ஆசிரியைகள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அபூர்வம். ஷடாக்ஷரிக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. பயந்தபோது இந்த இனத்தார் எல்லோரும் எடுக்கும் முடிவை அவரும் எடுத்தார்: இன்னும் கொஞ்சம் வேலை செய்வது. காலையில் எழுந்ததும் வளையத்தை வெட்டுவது என்று தீர்மானித்துப் படுத்தார்.

காலையில் எழுந்தபோது சர்வமங்களா குளித்து, கோலம் போட்டு, பூஜை அறையில் ஆயுதங்களை அடுக்கி முடித்திருந்தாள்.

ஸ்பேனர்கள், திருப்புளிகள், கட்டிங் ப்ளேயர், சுத்தியல். அருகே அரிவாள்மணை, காய்கறிக் கத்தி, தேங்காய்த் துருவி. அப்புறம் அவளுடைய விசில். கத்தரிக்கோல். நகவெட்டி. சவரக் கத்தி. மடிக்கணினி. இவற்றுக்கு நடுவில், தாம்பாளத்தில், இட்லித் தட்டோடு கார்புரேட்டர். அதன் ஓரத்தில் அந்த ரப்பர் வளையம். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. ஜெட்டுகளின் துளையில் படாமல் உடலில் மட்டும் பொட்டு வைத்திருந்தாள்.

"லேப்டாப் எதுக்கு?"

"உங்க ஆயுதம் அதுதான?"

"சரி. கத்தரிக்கோல மட்டும் எடுத்துக்கறேன். ரெண்டே நிமிஷம்."

"எடுங்க. சாமி முன்னாடி வச்சத எடுத்தேன்னு உங்க அம்மாவுக்கு நீங்களே ஃபோன் போட்டுச் சொல்லிடுங்க."

ஷடாக்ஷரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அங்கே வைத்தது வைத்ததுதான்; மறுநாள் காலை பூஜை முடியும் வரை கருவி எதையும் தொடக்கூடாது. அந்த ஊரில் பெரிய ஆலைகளே அன்று மூச்சை அடக்கிக்கொண்டு மாலையோடு நிற்கின்றன. சர்வமங்களா செய்தது பக்தியா தந்திரமா என்று கேட்பவர்கள் இரண்டிலும் பழக்கமில்லாதவர்கள்.

கழற்றுபவரிடமிருந்து கருவியைப் பிடுங்கிவிட்டால் என்ன மிஞ்சும்? ஷடாக்ஷரி காலை முழுவதும் வீட்டை வலம் வந்தார். புளியோகரை சாப்பிட்டார். அந்த ஊர்ப் போளியான ஒப்பட்டு சாப்பிட்டார். மறுபடி பூஜை அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டு, காற்று வாங்கப் போகிற பாவனையில் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

பக்கத்து வீட்டு சோமராஜ அர்ஸும் இதே இனம்தான், பிரிவு வேறு. அவர் கழற்றுவது சுவர்க்கடிகாரம். வாசலில் தன் கார் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன குரு, முகம் வாடியிருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒரு கத்தரிக்கோல் இருந்தா குடுங்க."

"இன்னிக்கா?" அர்ஸ் தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் உள்ள பூவோட உக்காந்திருக்கு. எங்க வீட்டம்மா பல்குத்துற குச்சியக்கூட விடல. எதுக்கு?"

ஷடாக்ஷரி சொன்னார். அர்ஸின் கண்கள் மெல்ல விரிந்தன.

"வெட்டறதெல்லாம் சரி. ஒட்டறதுக்கு முன்னாடி மிதவைய கொஞ்சம் வளைச்சுப் பாத்தீங்களா? நாளைக்கு நான் வரட்டுமா?"

நோய்க்கு நோயே மருந்து சொல்ல வந்த மாதிரி இருந்தது. ஷடாக்ஷரிக்கோ அது நல்ல யோசனையாகப் பட்டது. வரச்சொல்லிவிட்டு, தெருவில் உடைத்த பூசணிக்காய்களைத் தாண்டித் தாண்டி வீடு திரும்பினார்.

அந்த வீட்டில் அன்று முழுவதும் ஒருவர்தான் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த ரப்பர் வளையம். குடித்த பெட்ரோல் ஆவியாகப் போகப் போக ரப்பர் தன் பழைய அளவுக்குத் தானே இறங்கிவிடும். அதற்கு வெட்டு வேண்டாம், பசை வேண்டாம், யாருடைய யோசனையும் வேண்டாம். பூஜை விளக்கின் இளஞ்சூடு கிடைத்தால் நல்லது. அதைவிட முக்கியம், யாரும் தொடாமல் இருப்பது. உலகில் பல பொருட்களுக்கு இதுவே மருந்து. மிகவும் மலிவானது என்பதால் யாரும் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

விஜயதசமி காலையில் சர்வமங்களா மறுபூஜை முடித்து, கற்பூரம் காட்டி, தாம்பாளத்தைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஷடாக்ஷரி முதலில் கத்தரிக்கோலைத்தான் எடுத்தார். எவ்வளவு வெட்டுவது என்று அளந்து பார்க்க வளையத்தைப் பள்ளத்தில் வைத்தார்.

வளையம் உட்கார்ந்தது.

அவர் சுற்றிவரத் தடவிப் பார்த்தார். எங்கும் எழவில்லை. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் உட்கார்ந்தது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"பாத்தியா மங்களா? எலுமிச்சை லேட்டாத்தான் வேலை செய்யும்."

சர்வமங்களா அவர் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி அலமாரியில் வைத்தாள். அர்ஸ் வந்து வாசல் மணியை அடித்தபோது, கணவர் குளித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி, ஒரு தட்டு ஒப்பட்டு கொடுத்து அனுப்பிவைத்தாள். அவர் குளித்துக்கொண்டிருக்கவில்லை. குளிர்நாட்டு மனிதரின் படத்தை ஓடவிட்டும் நிறுத்தியும் இட்லித் தட்டின் குழிகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். கழற்றி மாட்டி, மாட்டிக் கழற்றி, உச்சிவேளைக்குள் எல்லாக் குழியும் காலியானது. இதைக் கொஞ்சம் பாராட்டத்தான் வேண்டும். குழியில் எதுவும் மிச்சமில்லாமல் முடிப்பது இந்த இனத்தில் அடிக்கடி நடப்பதல்ல.

சர்வமங்களா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உதைத்தாள். ஒன்றுமில்லை. இரண்டாவது உதைக்கு வண்டி இருமியது. அவள் கொஞ்சம் நின்றாள். மூடிய கண்களோடு மூன்றாவது தடவை உதைத்தாள். வண்டி கிளம்பியது. அவள் குனிந்து கிண்ணத்தின் அடியில் விரலை வைத்துப் பார்த்தாள். கசிவில்லை. நிமிர்ந்து, தலையைச் சாய்த்து, நெடுநேரம் கேட்டாள்.

"முன்னாடி மாதிரியே இருக்கு."

"மாதிரியேவா? நல்லா கேளு. முன்னைவிட ஸ்மூத்தா இல்ல?"

"முன்னாடி மாதிரியே இருக்குங்க. அது போதும்."

போதும் என்ற சொல் அவரைப் புண்படுத்தியது. இத்தனை பாடுபட்டது, இருந்த இடத்துக்கே திரும்பி வரவா? ஆமாம், பெரும்பாலான பாடுகளின் உச்சப் பயன் அதுதான், கிடைத்தால் கொண்டாடவேண்டும். அவர் கொண்டாடவில்லை.

மறுநாள் காலை மலையடிவாரத்தில் பனி இன்னும் கலையவில்லை. பள்ளிப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள்; அவர்களுக்கு நடுவே ஷடாக்ஷரி. முதலில் சத்தம் வந்தது, பிறகு வண்டி. மஞ்சள் புடவை, தலைக்கவசம், கழுத்தில் விசில். பின்னால் நீண்ட வரிசை. வரிசையின் நடுவில் எங்கோ பார்கவியின் ஸ்கூட்டர், பின் இருக்கை காலியாக. பெண்கள் "மேடம்" என்று கத்தினார்கள். சர்வமங்களா யாருக்கும் தெரியாமல் சிரித்தாள் என்றும், இல்லை, எல்லோருக்கும் தெரியும்படியே சிரித்தாள் என்றும் பெண்களுக்குள் பின்னர் விவாதம் நடந்தது. முதல் வளைவில் அவள் ஒருமுறை திரும்பி, கூட்டத்தில் யாரையோ தேடினாள்.

வீட்டுக்கு வந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும் அதைத்தான் கேட்டாள்.

"என்னப் பாத்தீங்களா?"

"பாக்காம? பாத்தேனே," என்றார் ஷடாக்ஷரி. "புகையே வரல."

அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். வேறொன்றும் வரவில்லை. உள்ளே போனாள்.

நீங்கள் அப்படியல்ல என்கிறீர்கள். உங்களிடம் பழைய வண்டி இல்லை. திருப்புளி எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நல்லது. ஒரே ஒரு சந்தேகம்தான். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, நடுவில் எங்கோ ஒரு வாக்கியம் சற்று நீளமாக இருக்கிறது, அதை இப்படி மாற்றியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றாவிட்டால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். தோன்றியிருந்தால், இன்று இரவுச் சாப்பாட்டின்போது எதிரில் இருப்பவர் எதையாவது சொல்ல ஆரம்பிக்கும்போது, அவர் சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க உங்களால் முடிகிறதா என்று ஒரு சோதனை செய்துபாருங்கள். பத்து நிமிஷ வேலைதான்.